படிவத்தில் என் பெயர் இருந்த இடம்

அந்த வருஷம் சிறந்த இரண்டாவது நடிகருக்கான விருது என் கணவருக்கு என்று மேடையில் அறிவித்தபோது, ஹாலில் முதலில் எழுந்து நின்று கைதட்டியவள் நான்தான். தட்டிய வேகத்தில் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து மடியில் விழுந்தது. அதைப் பார்க்கக்கூட எனக்கு நேரமில்லை. இருபத்தாறு வருஷம் மேடையில் நடந்து பழகிய மனுஷன், அன்றைக்கு மேடையேறத் தெரியாதவர் போல ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஊன்றி ஏறிக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம் கழித்து நாடக ஆசிரியருக்கான விருதுக்கு வந்தார்கள். முதலில் நாடகத்தின் பெயரைச் சொன்னார்கள். நான் எழுதிய நாடகம். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்திருக்கப் போனேன். அதற்குள் எழுதியவரின் பெயரைச் சொன்னார்கள். எங்கள் டைரக்டரின் பெயர்.

நான் பாதி எழுந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் டைரக்டருக்காகத்தான் எழுந்து நிற்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த நாடகத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ இதில் எழுதப் போவதில்லை. நாடகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நடிக்கிறவர்கள் வீட்டில் அதனால்தான் அடுப்பு எரிகிறது.

கேரளத்தில் தொழில்முறை நாடகக் குழுவைச் சமிதி என்பார்கள். எங்கள் சமிதி கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு வாடகை வீட்டில் கூடிப் புது நாடகத்தைத் தயார் செய்வோம். மழை விட்டதும் வேனில் செட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் மே மாதம் வரை கோயில் உற்சவம், சர்ச் பெருநாள், வாசகசாலை ஆண்டு விழா என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்போம். சீசன் தொடங்குவதற்கு முன்னால் எர்ணாகுளத்தில் ஒரு கலை அமைப்பு வருஷாவருஷம் சமிதிகளுக்குப் போட்டி வைக்கும். ஐந்து நாள், பத்து நாடகம், மூன்று நடுவர்கள். கடைசி நாள் சாயங்காலம் மேடையிலேயே விருதுகளை அறிவித்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த விருது ஒன்று கிடைத்துவிட்டால் அந்த வருஷம் முழுக்க நோட்டீஸில் போட்டுக்கொள்ளலாம்.

என் கணவர் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கல்யாணத்துக்கு முன்பே சமிதியில் சேர்ந்துவிட்டார். நான் இதே ஊரில் பிறந்தவள்தான். அப்பா கொச்சங்காடியில் மிளகுக் கோடவுனில் எடை போடுகிறவர். அம்மா சுக்குக் கோடவுனில் வேலை பார்த்தாள். இரண்டு பேரும் காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவார்கள் என்பதால் என்னைத் தென்காசியில் சித்தி வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, திரும்பி வந்தேன். மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேச்சில் யாரும் என்னைத் தமிழச்சி என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் எழுத்து வராது. பஸ்ஸில் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

கல்யாணமான மறுவருஷம் சமிதியில் உடுப்புகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரி, நர்ஸ், மாமியார் என்று சின்ன வேஷங்கள். யாராவது படிக்கப் படிக்க என் வசனத்தை நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். மலையாளத்துக்குத் தமிழ் எழுத்து போதாதே. அதனால் சில எழுத்துகளுக்கு அடியில் ஒரு புள்ளி, சிலவற்றுக்கு இரண்டு புள்ளி, அழுத்திச் சொல்ல வேண்டியதற்குத் தலையில் ஒரு கோடு என்று நானே ஒரு வழி வைத்திருந்தேன். என் நோட்டை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது. இதை வைத்துச் சமிதியில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

நாடகம் எழுத வேண்டும் என்று நான் திட்டம் போட்டு எழுதவில்லை. அம்மா வேலை பார்த்த சுக்குக் கோடவுனை ஹோட்டல் கட்டுவதற்கு விற்கப் போகிறார்கள் என்று ஒரு மழைக்காலத்தில் பேச்சு வந்தது. பதினோரு பெண்கள் அங்கே உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரிப்பார்கள். அம்மா இறந்த பிறகும் எனக்கு அவர்களோடு பழக்கம் விட்டுப்போகவில்லை. முதலாளிக்கு வேறு இடத்தில் ஒரு சின்ன கோடவுன் இருந்தது. அங்கே நாலு பேருக்குத்தான் வேலை. யார் அந்த நாலு பேர் என்பதை நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார். இரண்டு மாசம் மத்தியானங்களில் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். பத்து இருபது வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்து சோறு தின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் எப்படிப் பார்க்க ஆரம்பித்தார்கள் என்பதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து எழுதினேன். மூன்று நீள நோட்டு நிறைந்தது. கோடவுன் வாட்ச்மேனாக ஒரு ஆளை நடுவில் வைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எதுவும் பேசாத ஆள். கடைசிக் காட்சியில் மட்டும் பேசுவான். அந்த வேஷத்தை என் கணவரை மனசில் வைத்தே எழுதினேன். அவருக்கு மௌனம் நன்றாக வரும்.

அடுத்த வருஷ நாடகத்துக்கு ஏற்பாடு செய்திருந்த எழுத்தாளர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். ரிகர்சல் தொடங்க வேண்டும், கையில் கதை இல்லை. அப்போதுதான் என் கணவர் டைரக்டரிடம், "மாஷே, இவ ஒண்ணு எழுதி வச்சிருக்கா. ஒரு பிராவசியம், ஒரே ஒரு தடவை, கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

டைரக்டரை நாங்கள் எல்லோரும் மாஷ் என்றுதான் கூப்பிடுவோம். சமிதியும் அவருடையதுதான். அவர் பேசுவது மலையாளம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நான் நோட்டை வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டரை மணி நேரம். மாஷ் நடுவில் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. முடித்ததும், "இன்னொருக்கா அந்தப் பதினோரு பேரும் சோறு சாப்பிடற இடத்தைப் படி" என்றார். படித்தேன். "இதுதான் நம்ம நாடகம்" என்றார்.

என் நோட்டை யாராலும் படிக்க முடியாது என்பதால் நான் வாய்விட்டுச் சொல்ல, என் கணவர் மலையாள எழுத்தில் எழுதினார். பதினோரு நாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டது கிடையாது. "இந்த இடத்தில அவ அழணுமா?" என்பார். "வேண்டாம், சாயா கிளாஸைக் கழுவினாப் போதும்" என்பேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஷெரியா" என்று எழுதுவார். அந்த நாடகத்தில் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று என்னைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் அவர்.

போஸ்டர் அச்சடித்து வந்தபோது எழுதி இயக்கியவர் என்று மாஷ் பெயர் இருந்தது. நான் கேட்கத்தான் செய்தேன்.

"புக்கிங் ஏஜென்ட் புதுப் பேரைப் பார்த்தா நாடகத்தைத் தொடமாட்டான். அது உனக்கும் தெரியும்" என்றார் மாஷ். "போஸ்டர் இன்னிக்கு ஒட்டி நாளைக்குக் கிழியறது. போட்டிக்கு அனுப்பற படிவத்திலே உன் பேர்தான். அதுதான் ரெகார்டு."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. எத்தனை நாடகத்தில் யார் யார் எழுதியதை யார் யார் பெயரில் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தவள்தானே. விருதுப் பட்டியலில் என் பெயர் வந்தால் போதும் என்றிருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை. ரிகர்சல் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை. என் கணவர் படிவத்தைக் கொண்டுவந்தார். சமிதியைப் பதிவு செய்தபோது காகிதத்தில் செயலாளர் என்று என் பெயரைப் போட்டு வைத்திருந்தார்கள். அதனால் செயலாளர் கையெழுத்து என் கையெழுத்துதான். கூரியர் ஆள் மத்தியானத்துக்குள் வருவான் என்றார்.

"படிச்சுக் காட்டுங்க" என்றேன். வாயில் நூல் இருந்தது.

படித்தார். சமிதியின் பெயர், நாடகத்தின் பெயர், எத்தனை நடிகர்கள், எத்தனை நிமிஷம். "எழுதினது..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். பிறகு என் பெயரைச் சொன்னார்.

நான் நூலைக் கடித்து அறுத்தேன். "எங்கே? காட்டுங்க."

அவர் படிவத்தை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து ஓரிடத்தில் விரலை வைத்தார். மலையாளத்தில் நான் சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும் ஒரே வார்த்தை என் பெயர்தான். அது அங்கே இருந்தது. அவருடைய முத்து முத்தான எழுத்தில். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

போட்டியில் எங்கள் நாடகம் மூன்றாம் நாள். நான் மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த நாடகத்தில் எனக்கு வேஷம் கிடையாது, உடுப்பு மட்டும்தான். கடைசிக் காட்சியில் என் கணவர் பேச ஆரம்பித்தபோது ஹாலில் யாரோ இருமியதை நாலு பேர் சேர்ந்து அடக்கினார்கள். உள்ளே வந்ததும் அவர் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. "கிட்டும்" என்றேன் அவரிடம். "உங்களுக்குக் கிட்டும், பாருங்க." அவர் என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். களைப்பு என்று நினைத்தேன்.

அந்தக் கடைசி நாள் சாயங்காலத்தைத்தான் முதலில் சொன்னேன். மாஷ் விருதை வாங்கிக்கொண்டு மைக்கில் பேசினார். இந்தக் கதை தன் சின்ன வயசிலிருந்தே தனக்குள் இருந்தது என்றார். தன் அம்மாவுக்கு நன்றி சொன்னார். அவருடைய அம்மா ஸ்கூல் டீச்சர். சுக்குக் கோடவுன் பக்கமே போனதில்லை.

எல்லோரும் சாயா குடிக்கும் இடத்தில் அவரைப் பிடித்தேன்.

"மாஷே, படிவத்திலே என் பேர்னு சொன்னீங்களே?"

"செயலாளர்னு உன் பேர் இருக்கே" என்றார். சுற்றிலும் ஆள் இருந்தார்கள், சிரித்துக்கொண்டே சொன்னார். "கீழே நீதானே ஒப்பு போட்டிருக்கே. மேற்கண்ட விவரமெல்லாம் சரின்னு. நாம வீட்டுக்குள்ளே பேசிக்கலாம். இன்னிக்கு சமிதிக்கு நல்ல நாள்."

எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: நான் கையெழுத்துப் போட்ட பிறகு இந்த ஆள் படிவத்தை மாற்றிவிட்டார். எர்ணாகுளம் படகுத்துறையில் மட்டாஞ்சேரி போட் ஏறியதும் என் கணவரிடம் அதைத்தான் சொன்னேன். "வேற படிவம் எழுதி அனுப்பியிருக்கான். என் கையெழுத்தையும் போட்டிருக்கான். நாளைக்கே போய்ப் பார்க்கறேன்." அவர் விருதுச் சிலையை ஒரு துணிக்கடைப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். போட் தீவைச் சுற்றிக்கொண்டு வந்தது. துறைமுகக் கிரேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடு, போதும். அவரோட வழக்குப் போட்டு ஜெயிக்க முடியுமா?" என்றார்.

"நீங்க எதுக்குப் பயப்படறீங்க? நீங்கதானே எனக்குச் சாட்சி?"

அவர் மடியிலிருந்த பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. திங்கள் காலை எர்ணாகுளத்தில் அந்த அமைப்பின் அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு மேஜை, ஒரு பீரோ உள்ள சின்ன அறை. அங்கிருந்தவர் வயசானவர், பொறுமையானவர். சமிதியின் செயலாளர் என்றதும் கோப்பை எடுத்துப் படிவத்தை என் முன்னால் வைத்தார்.

அடியில் என் கையெழுத்து. என்னுடையதுதான். கொக்கி தைத்த விரலில் இருந்த ஈரம் பட்டு கடைசி எழுத்து கலைந்திருந்தது. அதற்கு மேலே, செயலாளர் என்ற இடத்தில் என் பெயர். நான் ஒரு விரலை வைத்து மேலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல. அவர் அதைப் பார்த்துவிட்டு, "நான் படிச்சுச் சொல்லட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். எழுதியவர் என்ற வரியைக் கண்டுபிடிக்க நெடுநேரமானது. அங்கே மாஷின் பெயர் இருந்தது. திருத்தவில்லை, அழிக்கவில்லை. அதே பேனா, அதே முத்து முத்தான எழுத்து. பதினோரு நாள் என் வாயைப் பார்த்து எழுதிய அதே கை.

அந்த அலுவலகத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் அடுக்களையில் கப்பைக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். எப்போதும் நான் செய்கிற வேலை. கேட்காமல் நின்றுகொண்டிருந்தேன். அவர்தான் கத்தியைக் கீழே வைத்தார்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"மாஷ் சொன்னார். ஒரே வீட்டுக்கு ரெண்டு அவார்டு தரமாட்டாங்களாம். உன் பேர் எழுத்துக்குப் போனா என் பேரை எடுத்துடுவாங்களாம். எழுத்துக்குக் கண்டிப்பா கிட்டும், அது அவருக்குத் தெரியும். அப்பப் பின்னே எனக்கு?" அவர் குரல் மேடையில் வருவதுபோல இல்லை, தட்டுத்தடுமாறியது. "இருபத்தாறு வருஷம்டீ. ஒரு பிராவசியம். நீ இன்னும் எழுதுவே. எனக்கு இந்த மாதிரி வேஷம் இனி வருமா?"

"இதை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ சம்மதிச்சிருப்பே."

அந்தப் பதில் எனக்கு இன்றுவரை புரிந்தும் புரியாமலும் இருக்கிறது. உண்மைதான், நான் சம்மதித்திருப்பேன். அழுதுவிட்டு, உங்களுக்கே வரட்டும் என்று சொல்லியிருப்பேன். அதைத் தெரிந்துகொண்டும் கேட்காமல் விட்டார். கேட்டு வாங்கியிருந்தால் அந்தச் சிலை நான் கொடுத்ததாகிவிடும். அது அவருக்கு வேண்டாம்.

"விரலை எங்கே வச்சுக் காட்டினீங்க?" என்றேன்.

அவர் குனிந்து கத்தியை எடுத்து மறுபடி கப்பையைச் சீவ ஆரம்பித்தார்.

மறுநாள் அந்த அலுவலகத்துக்கு போன் பண்ணினேன். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு விருது கொடுக்கக்கூடாது என்று விதி உண்டா என்று கேட்டேன். அந்தப் பெரியவர் சிரித்தார். அப்படி எதுவும் கிடையாது. முன்னே ஒரு வருஷம் அப்பனும் மகளும் சேர்ந்து வாங்கியிருக்கிறார்களே என்றார். பிறகு, எதற்குக் கேட்கிறேன் என்று அவரே விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா உங்க கையெழுத்து இருக்கு. படிவத்தை எழுதின ஆள், தப்பா எழுதிட்டேன்னு ஒரு கடுதாசி கொடுத்தா கமிட்டியில வைக்கலாம். அது இல்லாம ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

மத்தியானம் என் கணவர் சாப்பிட உட்கார்ந்தபோது இரண்டையும் சொன்னேன். விதி இல்லை என்று சொன்னபோது சோற்றில் இருந்த அவர் கை அப்படியே நின்றது. மாஷ் தன்னையும் ஏமாற்றியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. "நாயோட மோன்" என்றார். நான் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. "எழுதித் தரேன். இன்னிக்கே எழுதித் தரேன்."

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உண்மையாகவே பேப்பரும் பேனாவும் எடுத்தார். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து பார்த்தபோது தேதி எழுதியிருந்தார். "மாண்புமிகு" என்று ஆரம்பித்திருந்தார். தலைவலிக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன் என்றார்.

அந்தப் பேப்பர் மூன்று வாரம் ஜன்னலில் இருந்தது. நான் நினைவுபடுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் அதில் ஒரு வரியாவது கூடியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். இதற்கிடையில் சீசன் தொடங்கிவிட்டது. விருது பெற்ற நாடகம், விருது பெற்ற நடிகர் என்று நோட்டீஸ் போட்டார்கள். அவருக்கு ஊர் ஊராக மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். மாஷுக்கும் அவருக்கும் நடுவில் ஏதாவது வார்த்தை தடித்ததா என்று எனக்குத் தெரியாது. வேனில் இரண்டு பேரும் முன்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவதாக, மேக்கப் போடுகிறவள் சொன்னாள். ஒரு நாள் ஜன்னலைத் துடைக்கும்போது அந்தப் பேப்பர் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

படிவத்தில் பொய்யாக விரல் வைத்ததை ஆசையில் செய்ததாக எடுத்துக்கொண்டு எப்படியோ கடந்திருப்பேன். எழுதாமல் விட்ட அந்தக் கடுதாசியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. அப்போது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யாரும் அவரை ஏமாற்றிக்கொண்டிருக்கவில்லை.

நான் சமிதியிலிருந்து நின்றுவிட்டேன். உடுப்புப் பெட்டியின் சாவிகளை மாஷ் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சாவியை வாங்கிக்கொண்டு, "அடுத்த நாடகம் எழுதினா சொல்லு, உன் பேரையே போடலாம்" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு யாரிடமாவது போய்ச் சொல்லி அழ வேண்டும் போலிருந்தது. அம்மாவோடு கோடவுனில் வேலை பார்த்த ஒரு சேச்சியின் வீட்டுக்குப் போனேன். புது கோடவுனில் வேலை கிடைத்த அந்த நாலு பேரில் அவரும் ஒருவர். பக்கத்துக் கோயில் உற்சவத்தில் நாடகத்தைப் பார்த்திருந்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். எழுதியது நான், பெயர் வேறு ஆளுக்கு, என் வீட்டுக்காரரே இப்படிப் பண்ணிவிட்டார் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எழுதினது நீதானா?" என்றார்.

"நான்தான் சேச்சி."

"நான் அந்த டைரக்டர்னு நெனச்சேன். எங்கேயோ கேட்டு எழுதியிருக்கான்னு நெனச்சு மனசைத் தேத்திக்கிட்டேன்." அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "கூட இருந்தவளுக்குக் கண்ணு செரியாத் தெரியலே, பூசணம் பிடிச்சதையும் நல்லதுலே போடறான்னு நான்தான் போய் முதலாளிகிட்டச் சொன்னேன். அதை உன்கிட்ட மட்டும் சொன்னேன். உங்க அம்மாகிட்டச் சொல்ற மாதிரி. நீ அதை மேடையிலே ஏத்தி ஆயிரம் பேருக்கு முன்னாலே காட்டிட்டே. அவ பக்கத்து நாற்காலியிலே உட்கார்ந்து பார்த்தா. பார்த்துட்டு என்கிட்டப் பேசாம எழுந்து போனா. இப்பவும் பேசறதில்லே."

நாடகத்தில் மிக நன்றாக வந்த காட்சி அதுதான். நடுவர்கள் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டிய காட்சி. எழுதும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெயரை மாற்றிவிட்டேன், ஊரை மாற்றிவிட்டேன், போதும் என்று நினைத்தேன்.

"மன்னிச்சிருங்க சேச்சி" என்றேன்.

"சாயா குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. தெருவில் பார்த்தால் தலையை அசைப்பார்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது என் கோபம் குறைந்திருக்க வேண்டும் என்று யாராவது சொல்லலாம். குறையவில்லை. நான் அந்த சேச்சிக்குச் செய்தது தப்பு. என் கணவர் எனக்குச் செய்தது அதனால் சரியாகிவிடாது. இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன.

பக்கத்துத் தெருவில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் மலையாளம் எழுதக் கற்றுக்கொண்டேன். இரண்டாவது நாடகத்தை நானே மலையாளத்தில் எழுதினேன். கூட்டெழுத்தெல்லாம் குண்டு குண்டாக இருக்கும். ஆலப்புழைப் பக்கம் ஒரு சமிதி அதை எடுத்து நடத்தியது. போஸ்டரில் என் பெயரைச் சின்னதாகப் போட்டார்கள். போட்டிக்கும் அனுப்பினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. முதல் நாடகத்தைப் போல இது இல்லை என்று எனக்கே தெரியும். இதில் வைத்ததையெல்லாம் உரியவர்களிடம் கேட்டு வாங்கித்தான் வைத்தேன். அதனாலோ என்னவோ கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. மூன்றாவது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நானும் என் கணவரும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். காஸ் தீர்ந்தது, தண்ணீர் வரவில்லை, மகள் போன் பண்ணினாள் என்று பேசிக்கொள்கிறோம். சிலை டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது. வாரம் ஒரு தடவை துடைப்பேன். வீட்டில் இருக்கிற பொருள்.

போன மாதம் புது நாடகத்துக்கான ரிகர்சல் தொடங்கியது. மாஷ் அவருக்குக் கதாநாயகனின் அண்ணன் வேஷம் கொடுத்திருக்கிறார். நிறைய வசனம். வசனத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார். "கொஞ்சம் வசனம் எடுத்துக் கொடுக்கறியா? இப்ப நீ படிப்பியே" என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

அவர் தாளோடு மாடிக்குப் போனார். மேலே தனியாக நடந்துகொண்டு சொல்லிப் பார்த்தார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றது. அடுத்த வரி வராமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நான் மீனை அலசிக்கொண்டிருந்தேன். நாலாவது தடவையும் அதே இடத்தில் நின்றபோது குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.